தூணில் ஆடும் சாமிக்கு என்ன மரியாதை?

"ஹாலில் நடராஜர் சிலை வைக்கலாமா?" சொந்தத்தில் யார் புது வீட்டுக்குக் குடிபோனாலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று ஆசை. ஆடுகிற சாமி குடும்பத்தையும் ஆட்டிவைத்துவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்ட பயம். "சீயமங்கலம் போய்ப் பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்பேன்.

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை ஒட்டிய ஊர் அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். அவனிபாஜன பல்லவேச்வரம் என்கிறது கல்வெட்டு. ஊர் வாயில் தூணாண்டார் கோயில். குடைவரை முகப்பின் அரைத்தூணில், மேல்பாகத்தில், சின்னதாக ஒரு நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார். காலடியில் படமெடுத்த பாம்பு. பிற்காலச் செப்புத் திருமேனிகளில் நாம் பார்த்துப் பழகிய திருவாசியும் முயலகனும் இங்கே இல்லை. தமிழ்நாட்டுக் கல்லில் கிடைத்த நடராஜ வடிவங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. மறுகோடித் தூணில் உமையோடு காளைமேல் சாய்ந்து நிற்கிறார் சிவன்.

அபிஷேகமும் நைவேத்தியமும் கருவறையில் இருக்கும் லிங்கத்துக்கு. தூணில் ஆடுகிறவர் அந்த வீட்டின் அலங்காரம். அதற்காக அவரை யாரும் வெறும் கல்லாக நினைத்துவிடவில்லை. என்னை முதன்முதலில் அங்கே கூட்டிப்போன அத்தை, தூணில் சாய்ந்து உட்காரப் போன என்னைத் தோளைப் பிடித்து இழுத்தார். "தூண்ல இருக்குற சாமி சோறு கேக்காதுடி. அதுக்குன்னு முதுகு காட்டி ஒக்காருவியா?" வீட்டு அலங்காரத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அந்த ஒரு பேச்சுக்குள் இருப்பதாக நான் நம்புகிறேன்.

ஒரு சாணுக்கு மேற்பட்ட விக்கிரகத்தை வீட்டில் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். பூஜைக்கு என்று எழுந்தருளச் செய்துவிட்டால் தினமும் தண்ணீர் வார்க்க வேண்டும், விளக்கேற்ற வேண்டும், ஏதாவது படைக்க வேண்டும். வேலைக்கு ஓடுகிற வீட்டில் அது நடக்காது. நடக்காது என்று தெரிந்தால் கருவறைச் சாமியாக வைக்காதீர்கள். தூண் சாமியாக வையுங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் வார்க்கிறார்கள். வழிபாட்டுக்கு என்றால் அதற்கு மேல் கண் திறப்பு உண்டு, பிரதிஷ்டை உண்டு. ஹாலுக்கு வாங்குகிறவர்கள் அவை வேண்டாம் என்று கடையிலேயே சொல்லிவிடலாம்.

நவராத்திரிக் கொலு இந்தப் பழக்கத்தை நமக்கு எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது. படியில் தசாவதாரமும் இருக்கும், செட்டியார் பொம்மையும் இருக்கும். பூஜை கலசத்துக்கு. ஆனால் விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்கவைத்த பிறகுதான் கொலுவைக் கலைப்போம்.

தூண் சாமிக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். கண் மட்டத்துக்குக் குறையாத உயரம். செருப்பு ஸ்டாண்டும் குளியலறைச் சுவரும் வேண்டாம். பிள்ளையார் போட்ட மிதியடியை யார் பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தூசி படியாமல் துடையுங்கள். சுவிட்சர்லாந்தில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்துக்கு இந்தியா 2004இல் பரிசளித்த இரண்டு மீட்டர் நடராஜர் அங்கே தனிப் பீடத்தில் நிற்கிறார். அங்கே பூஜை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

புத்தர் தலை விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. உடம்பில்லாத தலையை ஹோட்டல் வரவேற்பறைகளில் பார்த்துப் பார்த்து, இப்போது வீடுகளிலும் வாங்கி வைக்கிறார்கள். ஆசியா முழுக்கச் சிலைத் திருடர்கள் தூக்கிப்போக வசதியாகத் தலையை மட்டும் அறுத்து விற்ற சரித்திரம் அதன் பின்னால் இருக்கிறது. சீயமங்கலக் குன்றிலேயே சமணத் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். செஞ்சித் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்துநான்கு பேரும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை முழு உருவமாகப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வெட்டிய தலை அமைதியைத் தராது. புத்தர் வேண்டுமென்றால் உட்கார்ந்த புத்தரை வாங்குங்கள்.

"பழைய சிலை, கோயிலில் இருந்தது" என்று கடைக்காரர் காதோடு சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர்கால நடராஜரைத் திருடி, நியூயார்க் வியாபாரி வழியாக 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். 2014இல்தான் அவர் திரும்பி வந்தார். அத்தனை காலமும் கண்ணாடி, விளக்கு, காவல் என்று எந்தக் குறையும் இல்லாமல்தான் இருந்திருப்பார். ஆனால் அவர் கருவறைக்காரர். ஊர் சோறு படைத்துக் கும்பிடுவதற்கென்றே வார்த்தவர். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கல், உலோகச் சிற்பங்களைப் பதிவு செய்தாக வேண்டும். தாத்தா காலத்துச் சிலை பரணில் கிடந்தாலும் இதுதான் விதி. புதிதாக வாங்கினால், செய்தவர் பெயரோடு பில் கேட்டு வாங்குங்கள். உடைந்துபோனால் அரசமரத்தடியில் போட்டுவிட்டு வராமல் அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். உலோகத்தை உருக்கி அவர் இன்னொரு சாமியை வார்த்துவிடுவார்.