பத்து ரூபாய்க்கும் முறையீடு உண்டு

ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போது கட்டணப் பலகையில் உள்ளதைவிடப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால், தகராறு எதற்கு என்று கொடுத்துவிட்டு நகர்வதே நம் வழக்கம். தனியார் இடத்துக்குக் கட்டணமே கூடாது என்பதல்ல என் வாதம். வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. டோக்கனில் பொடி எழுத்தில் இருக்கும் ‘வாகனத்துக்கு உரிமையாளரே பொறுப்பு’ என்பதும் வேதவாக்கு அல்ல. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் காணாமல்போன கார் வழக்கில், சாவியை வாங்கிக்கொண்ட ஹோட்டல் அந்த வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது.

பத்து ரூபாய்க்கு யார் கோர்ட் படி ஏறுவது என்பீர்கள். நியாயமான கேள்விதான், அலைச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் புதுக்கோட்டையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. காசு வாங்கியவரே விசாரிக்கும் ஏற்பாடு அல்ல இது. அதன் தீர்ப்பும் சரியில்லை என்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். டோக்கனையும் கட்டணப் பலகையின் படத்தையும் பத்திரமாக வையுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.