சீழ் வைக்காத புண்: வெள்ளை அணுவும் ஒரு சர்க்கரையும்

புண்ணுல சீழ் வைக்கலைன்னா நல்லதுதானேன்னு தோணும். 1992-ல் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்திலிருந்து டாக்டர் அமோஸ் எட்சியோனி குழு எழுதிய ரெண்டு சிறுவர்களின் கதையைக் கேட்டா அப்படித் தோணாது.

அவங்களுக்கு நிமோனியா, காது, ஈறுன்னு தொற்று மாறி மாறி வந்துக்கிட்டே இருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். ஆனா தொற்று இருக்கிற இடத்தில் சீழே இல்லை. சீழ்ங்கிறது பெரும்பாலும் சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான். அப்போ, அணுக்கள் ரத்தத்தில் இருந்தும் புண்ணுக்குப் போய்ச் சேரலை.

ஓடுற பஸ்ஸிலிருந்து இறங்கினவங்களுக்குத் தெரியும், நாலடி கூடவே ஓடித்தான் நிக்க முடியும். வெள்ளை அணுவும் அப்படித்தான். தொற்று வந்த இடத்தில் ரத்தக்குழாயின் உள்சுவர் செலக்டின் என்ற புரதத்தை நீட்டும். வெள்ளை அணுவின் மேல்புறப் புரதங்களில் சர்க்கரைக் கிளைகள் இருக்கு. அவற்றின் நுனியில் நாலு சர்க்கரை சேர்ந்த 'சியாலில் லூயிஸ் எக்ஸ்'. செலக்டின் பிடிக்கிறது இதைத்தான். ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு, அணு உருண்டு வேகம் குறையும். அப்புறம் இன்டெக்ரின் இறுக்கிப் பிடிக்க, சுவரைத் தாண்டி வெளியே போகும்.

அந்த நாலில் ஒண்ணு ஃபியூகோஸ். இந்தச் சிறுவர்களிடம் இல்லாதது அதுதான்.

துப்பு எங்கே கிடைச்சது தெரியுமா? பிளட் குரூப்ல! ரெண்டு பேருக்கும் 'பாம்பே' வகை. 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டே குழு கண்டுபிடிச்ச அதே அபூர்வ வகை. அதில் இல்லாத எச் ஆன்டிஜனுக்கும் ஃபியூகோஸ் வேணும். (பாம்பே குரூப்காரங்க பயப்படாதீங்க. உங்களுக்கு எச் ஆன்டிஜனுக்காக ஃபியூகோஸை ஒட்டுற நொதிதான் இல்லை. வெள்ளை அணுக்கள் நல்லாவே இருக்கு.)

அப்போ ஃபியூகோஸை வாய்வழியா கொடுத்துப் பார்த்தா? 1999-ல் ஜெர்மனியில் இதே நோயுள்ள ஒரு துருக்கியக் குழந்தைக்குக் கொடுத்தாங்க. காய்ச்சலும் தொற்றும் நின்னது. இஸ்ரேல் குழந்தைகளுக்கு அதே வைத்தியம் பலிக்கலை.

காரணம் 2001-ல் தெரிஞ்சது. செல்லுக்குள் சர்க்கரை ஒட்டும் பட்டறையான கோல்ஜிக்கு ஃபியூகோஸை ஏத்திட்டுப் போற புரதம்தான் பழுது. துருக்கியக் குழந்தையிடம் அதன் பிடி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். சரக்கு நிறைய வந்ததும் சமாளிச்சுக்கிச்சு. இஸ்ரேல் குழந்தைகளிடம் அதன் வேலைத்திறனே குறைஞ்சிருந்தது.