எல்லைக்கு இந்தப் பக்கம் – 17: தாத்தா எந்த வருஷம் மலையேறினார்?

இந்த வாரம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த அமெரிக்க அரசியல்வாதி விவேக் ராமசாமி. ஓஹையோ மாநில ஆளுநர் தேர்தலில் இறங்கியிருக்கும் அவருடைய கண் உண்மையில் எந்த நாற்காலியில் இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அவருடைய தந்தையின் ஊர் பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரி. கோழிக்கோடு பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர். தாய் முதியோருக்கான மனநல மருத்துவர். வீட்டில் பேச்சு தமிழ். விவேக் 1985இல் சின்சினாட்டியில் பிறந்தார். ஹார்வர்டில் உயிரியலும் யேலில் சட்டமும் படித்தார், 2014இல் மருந்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பெரும் பணம் சேர்த்தார். 2023 பிப்ரவரி 21 அன்று, 37 வயதில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடுவதாக அறிவித்தார். அதுவரை அவர் ஒரு பஞ்சாயத்துப் பதவிக்குக்கூட நின்றதில்லை. 2024 ஜனவரி 15இல் அயோவாவில் நடந்த முதல் வாக்கெடுப்பில் நான்காவது இடம், ஏறத்தாழ 7.7 சதவீத வாக்கு. அன்றிரவே விலகி டிரம்புக்கு ஆதரவு சொல்லிவிட்டார்.

பிரசாரத்தின்போது வேலூர்க்காரர் ஒருவர் எழுந்து தமிழில் பேச, தன் வீட்டுத் தமிழ் பாலக்காட்டுத் தமிழ் என்று அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன காணொளியை நம் வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடு மிகக் குறைவு. ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆளுநர் பதவியை ஏன் குறிவைத்தார் என்பதற்கு ஓஹையோவின் வரலாறே பதில் தரும். அந்த மாநில ஆளுநராக இருந்த ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ், வில்லியம் மெக்கின்லி இருவரும் அதிபர் நாற்காலிவரை போனார்கள். மேடைப் பேச்சால் மட்டும் 7.7 சதவீதம் வாங்கியவருக்கு, ஒரு மாநிலத்தை ஆண்டு காட்டினேன் என்று சொல்ல ஏதாவது வேண்டும். 2025 பிப்ரவரியில் அவர் ஆளுநர் போட்டியை அறிவித்ததை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இதற்குமேல் ஓஹையோவைப் பற்றி எழுத இருந்தேன். அதற்கு முன் அமெரிக்க அதிபராக நிற்க என்ன தகுதி வேண்டும் என்று சரிபார்க்கப் போனேன். 35 வயது, 14 ஆண்டு அந்நாட்டு வாசம், பிறப்பால் குடிமகனாக இருப்பது. மூன்றே நிபந்தனைகள். விவேக் பிறந்தபோது அவருடைய தாய் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. தந்தை இன்னும் பெறவே இல்லை என்று விவேக்கே 2023இல் சொன்னார். அப்படியிருந்தும் அவர் நிற்கலாம் என்றால் அதற்குப் பின்னால் யாராவது ஒருவர் வழக்காடியிருக்க வேண்டுமே என்று தேடினேன். கிடைத்தவர் ஒரு சமையல்காரர். இந்த வாரம் முழுக்க அவரை விட்டு என்னால் நகர முடியவில்லை.

பெயர் வோங் கிம் ஆர்க். 1873இல் சான் பிரான்சிஸ்கோவில், சீனத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சீனத் தொழிலாளர்கள் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டது. ஏற்கெனவே அங்கே இருந்த சீனர்களும் ஊருக்குப் போய்த் திரும்புவது பெரும்பாடாயிற்று. வோங் 1894இல் சீனத்துக்குக் கிளம்பும்போது முன்ஜாக்கிரதையாக ஒரு தாள் தயார் செய்துகொண்டு போனார். நான் இங்கேதான் பிறந்தேன் என்று அதில் எழுதி, தன் புகைப்படத்தை ஒட்டி, வெள்ளைக்காரச் சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அந்தத் தாள் இன்னும் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1895 ஆகஸ்டில் கோப்டிக் என்ற நீராவிக் கப்பலில் திரும்பி வந்தபோது சுங்க அதிகாரி அவரை இறங்கவிடவில்லை. நீ குடிமகன் இல்லை என்றார். பிறந்த ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க, கப்பல் மாற்றிக் கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தார் அந்த இளைஞர்.

சான் பிரான்சிஸ்கோவின் சீனச் சங்கங்கள் பணம் திரட்டி வக்கீல் வைத்தன. அமெரிக்க மண்ணில் பிறந்து அந்நாட்டின் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் குடிமக்கள் என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம். 1868இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக வந்த திருத்தம் அது. அது சீனர் மகனுக்கும் பொருந்துமா என்பதுதான் வழக்கு. 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் பொருந்தும் என்றது. பெற்றோர் குடிமக்களா, எந்த இனம், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற கேள்விகளுக்கு அதோடு வேலை இல்லாமல் போயிற்று.

தீர்ப்பு வந்த பிறகாவது அவரை நிம்மதியாக விட்டார்களா? இல்லை. 1901இல் எல் பாசோ நகரில் மறுபடி பிடித்துவைத்தார்கள், மறுபடி நிரூபித்தார். 1910இல் அவருடைய மூத்த மகன் சீனத்திலிருந்து வந்தபோது, இவர் பிள்ளைதான் என்று நம்ப மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாட்டின் சட்டத்தையே தன் பெயரால் நிலைநிறுத்திய மனிதர், கடைசிவரை தாளும் கையுமாக அலைந்திருக்கிறார்.

அந்தச் சமையல்காரர் வாங்கித் தந்த தீர்ப்புதான், பெற்றோர் குடியுரிமை பெறாத நாளில் பிறந்த வடக்கஞ்சேரிக்காரர் பிள்ளையை அதிபர் போட்டி மேடைவரை கொண்டுவந்தது. கமலா ஹாரிஸையும் அதே விதிதான் கொண்டுவந்தது. அவர் பிறந்தபோது அவருடைய தாய் சியாமளா கோபாலன் இந்தியக் குடிமகள். விவேக்கோ 2023 செப்டம்பர் விவாத மேடையில், சட்டத்துக்குப் புறம்பாக வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புக் குடியுரிமை கூடாது என்றார். தன் பெற்றோர் முறைப்படி வந்தவர்கள் என்பது அவர் வாதம். அது உண்மைதான். ஆனால் வாசலில் நிற்கிற குழந்தையிடம் உன் அப்பன் எப்படி வந்தான் என்று கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்வி ஒரு தலைமுறையோடு நிற்காது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் இந்த உரிமையைச் சுருக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். உடனே வழக்கு. 127 ஆண்டுக்கு முந்தைய வோங் பெயர் மறுபடி நீதிமன்றங்களில் ஒலித்தது.

எங்கிருந்து வந்தார்கள் என்ற அதே கேள்வி கேரளத்து இடுக்கி மலையிலும் உண்டு. இனி தேவிகுளம். இந்தத் தொடர் எங்கே சுற்றினாலும் இந்த மலைக்குத்தான் திரும்பும்.

தேவிகுளம் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. 2021இல் இங்கே வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா ஒரு வழக்கறிஞர், தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. 7,848 வாக்கு வித்தியாசத்தில் வென்று, கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். வாசகத்தில் ஒரு பகுதி விடுபட்டதால் சில நாள் கழித்து இரண்டாம் முறையும் எடுக்க வேண்டியிருந்தது. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் வழக்குப் போட்டார். ராஜா கிறிஸ்தவர், ஆகவே தனித்தொகுதியில் நிற்க முடியாது என்பது ஒரு வாதம். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள், ஆகவே கேரளத்தின் பட்டியலில் அவர் வரமாட்டார் என்பது இன்னொன்று. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம், மத அடிப்படையில், தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து ராஜாவின் வெற்றியை உறுதிசெய்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டு வழக்கிலேயே கழிந்தது.

மத வாதத்தை நாடு முழுக்கப் பேசினார்கள். என்னை உறுத்துவது இரண்டாவது வாதம். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10இல் வந்தது. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்பது உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்ன விதி. ஆகவே 1950இல் அந்த ஆணை வந்த நாளில் தாத்தா பாட்டி எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி வருகிறது. கண்ணன் தேவன் மலையை 1877இல் குத்தகைக்கு எடுத்துப் பின்னர் தோட்டம் போட்டார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்து மலையேற்றினார்கள். அன்று வந்தவர்களிடம் என்ன தாள் இருந்திருக்கும்? செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் ஒரு பெயர், ஒரு எண். அந்த செக்ரோலும் கம்பெனியின் கையில்.

வந்தவர்கள் என்ற பெயர் இந்த மலைத் தமிழர்களை விட்டதே இல்லை. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோது, 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் இங்கே தமிழர் எண்ணிக்கை அதிகம் என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் இவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று சொல்லி அந்த எண்ணிக்கையின் எடையைக் குறைத்துவிட்டது. இலங்கை மலையகத்தில் இதைவிடக் கொடுமை. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில இடங்களில் வென்றது. நுவரெலியாவில் வென்ற தொண்டமானுக்கு அப்போது ஏறத்தாழ 34 வயது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1952 நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. நாடாளப் போயிருக்கக்கூடிய ஒரு தலைமுறை அங்கே வாக்குச்சீட்டுக்கே அல்லாடியது.

இந்த வாரம் கண்ணில் பட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேரளம் உருவான பிறகு தேவிகுளத்தில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலே வேட்புமனு வழக்கில்தான் சிக்கியது. 1957இல் இங்கே வென்ற கம்யூனிஸ்ட் ரோசம்மா புன்னூஸ்தான் கேரளச் சட்டமன்றத்தில் முதலில் உறுதிமொழி எடுத்த உறுப்பினர். எதிர் வேட்பாளர் ஒருவரின் மனுவைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்று தீர்ப்பாயம் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கியது. 1958இல் நடந்த இடைத்தேர்தல்தான் கேரளத்தின் முதல் இடைத்தேர்தல். முதல் கம்யூனிஸ்ட் அரசுக்கு அது மானப் பிரச்சினை. கட்சியின் சார்பில் அச்சுதானந்தன் தேர்தல் வேலைகளைக் கவனித்தார். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன், மலையேறி வந்து தோட்டம் தோட்டமாகப் பாடினார். ரோசம்மா மறுபடி வென்றார். அந்தப் பாட்டுகளுக்கும் தொழிலாளர் வாக்குக்கும் இருந்த உறவு தனி அத்தியாயத்துக்குரியது. எழுதுவேன்.

வடக்கஞ்சேரிப் பிள்ளை மேலே போனதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. அவருடைய அப்பா பட்டத்தோடு விமானம் ஏறினார். தேவிகுளத்துத் தாத்தா கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடனோடு நடந்தே மலையேறினார். இதை மறைத்துவிட்டு இருவரையும் ஒப்பிடுவது நேர்மையல்ல. ஆனால் சட்டம் கேட்ட கேள்விகளும் வேறுவேறு. அங்கே, நீ எங்கே பிறந்தாய் என்று மட்டும் கேட்டது. இங்கே, நான்கு தலைமுறை கொழுந்து பறித்த பிறகும் தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று நீதிமன்றத்தில் கேட்கிறார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த ஒரு பெண்ணோ பையனோ நாளைக்கு டெல்லியை ஆள நினைத்தால் முதல் தடை எதிர்க்கட்சியாக இருக்காது, தாசில்தார் ஆபீசாக இருக்கும். தேவிகுளம் அடங்கிய இடுக்கி மக்களவைத் தொகுதி 1977 முதல் இருக்கிறது. அதன் முதல் உறுப்பினர் சி.எம். ஸ்டீபன் மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவராகவே உயர்ந்தார். தோட்டத் தமிழர் ஒருவர் இதுவரை அந்தத் தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போனதில்லை.

ஓஹையோ அடுத்த வாரம், கட்டாயம். இந்த வாரம் மூணாறு, தேவிகுளம், மறையூர் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் பழைய தாள்கள் தொலைகின்றன. கம்பெனியும் ஃபின்லே, டாடா ஃபின்லே, டாடா டீ, கண்ணன் தேவன் ஹில்ஸ் என்று பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தாத்தா பாட்டி பெயர் உள்ள சர்வீஸ் சான்று, சம்பளச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, கோயில் அல்லது சர்ச் பதிவேட்டு நகல் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படியெடுத்து, வருஷத்தைக் குறித்து, பிள்ளைகள் கையில் ஒன்று கொடுத்து வையுங்கள். கம்பெனி ஆபீசில் உங்கள் குடும்பத்தின் பழைய செக்ரோல் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.