பதில் வராத பொத்தான்

பக்கம் அசையாமலேயே பதில் வந்து இறங்கும் உத்தி இணையத்தை மாற்றிப்போட்டது. பதில் வராமல் போனால்தான் சிக்கல்

காலை 10 மணி. ஏ.சி. வகுப்புகளுக்கான தத்கால் முன்பதிவு தொடங்கும் நேரம். பெயர், வயது, ரயில் எண் எல்லாம் நிரப்பி, பணம் செலுத்தும் பொத்தானையும் அமுக்கியாயிற்று. திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. பத்து விநாடி. இருபது விநாடி. அதற்குள் செல்போனில் வங்கியின் குறுஞ்செய்தி: பணம் எடுக்கப்பட்டுவிட்டது. டிக்கெட்டைத்தான் காணோம். மறுபடி அமுக்குவதா, காத்திருப்பதா?

அந்தச் சக்கரத்தின் கதை 1990களின் இறுதியில் தொடங்குகிறது. அப்போதெல்லாம் ஒரு வரி மாற வேண்டுமென்றாலும் முழுப் பக்கமும் புதிதாக வந்து இறங்க வேண்டும். அவுட்லுக் மின்னஞ்சலை பிரவுசரிலேயே படிக்க வழிசெய்ய முயன்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களுக்கு இது பெரும் தலைவலி. பக்கத்தைத் தொடாமல் பின்னணியில் சர்வரிடம் தகவல் கேட்டு வாங்கும் ஒரு சிறு கருவியை உருவாக்கினார்கள். 1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் அது இடம்பிடித்தது. எக்ஸ்.எம்.எல். என்ற நூலகத்தோடு சேர்த்து அனுப்பினால்தான் கடைசி நேரத்தில் உள்ளே நுழைக்க முடியும் என்பதால், பெயரிலும் அந்த மூன்றெழுத்தை ஒட்டவைத்தார்கள். மற்றபடி இரண்டுக்கும் பெரிய உறவில்லை.

சில ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2004 ஏப்ரல் 1இல் ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். இழுக்க இழுக்க வரைபடம் விரிந்துகொண்டே போனதைப் பார்த்து உலகம் வாய்பிளந்தது. அதே மாதம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இந்தப் பாணிக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். பெயர் கிடைத்ததும் ஆளாளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

சூட்சுமம் எளியது. ஓட்டலில் தோசை சொல்லிவிட்டு அடுப்படியில் போய் யாரும் நிற்பதில்லை. சர்வர் கொண்டுவரும்வரை பேப்பர் படிக்கலாம். கம்ப்யூட்டர் சர்வரிடமும் இதே ஏற்பாடுதான். பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். பதிலுக்காக அது நின்றுவிட்டால் பக்கமே உறைந்துபோகும். அதனால், ‘பதில் வந்தால் இதைச் செய், வராவிட்டால் அதைச் செய்’ என்று குறிப்பு எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

ஆனால் கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ரயில் நிலையம் தேடும் பெட்டியில் ஒருவர் ‘மது’ என்று தட்டுகிறார். ஒரு கேள்வி போகிறது. ‘மதுரை’ என்று முடிக்கிறார், இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு உடனே பதில் வர, முதல் கேள்வியின் பதில் எங்கோ தாமதித்துக் கடைசியில் வந்து சேர்ந்தால்? மதுரைப் பட்டியல் அழிந்து, மதுராவும் மதுபனியும் திரையில் நிற்கும். சர்வர் மீது பிழையில்லை. பழைய பதிலை வாசலிலேயே தடுக்காத புரோகிராமர்தான் குற்றவாளி. கேள்விக்கு ஓர் எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கு உரிய பதிலை மட்டும் ஏற்றால் தீர்ந்தது. தட்டுவது ஓய்ந்து அரை விநாடிக்கும் குறைவான நேரம் பொறுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. வீண் கேள்விகள் குறையும்.

தேடல் தவறினால் எரிச்சலோடு போகும். பணம் அப்படியல்ல. குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்றால், ‘தோல்வி’ என்று எழுதிவிடுவது பலருடைய வழக்கம். அது பொய்யாகவும் இருக்கலாம். கேள்வி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பிரவுசருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கோரிக்கையை பிரவுசரில் ரத்துசெய்தாலும் சர்வர் ஏற்கெனவே தொடங்கிய வேலை நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே பணம் கையாளும் தளங்கள் ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் தனித்த எண் ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். பயணி பதற்றத்தில் மூன்று முறை அமுக்கினாலும் அதே எண்தான் போகும். ‘இதை முன்பே முடித்தாயிற்று’ என்று சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரும். பணம் ஒரு முறைதான் கழியும். பொத்தானை மங்கச் செய்வது மட்டும் போதாது, பக்கத்தைப் புதுப்பித்தால் அது மீண்டும் உயிர் பெற்றுவிடும். முடிவு தெரியாதபோது திரையில் அதை அப்படியே சொல்லி, பின்னணியில் வங்கியிடம் நிலவரத்தை விசாரித்துக்கொண்டிருப்பதுதான் நேர்மையான வழி.

எல்லாம் தவறினாலும் விதி ஒன்று இருக்கிறது. யு.பி.ஐ. மூலம் வணிகருக்குச் செலுத்திய பணம் கழிந்து, உறுதிச் செய்தி அவருக்குச் சேராவிட்டால், 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. புகார் எழுதித்தர வேண்டியதுகூட இல்லை. ரயில்தான் அதற்குள் போயிருக்கும்.