இரு மழைமானிகளுக்கு இடையே

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வண்ண வரைபடங்களும் கூடவே வந்துவிடுகின்றன. கனமழை பெய்த மறுநாள், ஒரு மாவட்டம் முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பட்டை பட்டையாக வண்ணம் பூசப்பட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நம் முன் விரிகிறது. நம் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தேடுகிறோம். பச்சையில் இருந்தால் அங்கு மழை குறைவு என்றும், சிவப்பில் இருந்தால் கொட்டித் தீர்த்தது என்றும் முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும், மாவட்டத்தின் ஒவ்வோர் ஊரிலும் மழை அளக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணமே எழும். உண்மையில் மழைமானி என்பது ஒரு சாண் அகலம்கூட இல்லாத வாயைக் கொண்ட கருவி. அது இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் நிறுவப்பட்டிருக்கிறது. ஒரு மழைமானிக்கும் அடுத்த மழைமானிக்கும் நடுவே பல கிலோமீட்டர் நிலப்பரப்பு அளக்கப்படாமல் கிடக்கிறது. அந்த இடைவெளியில் நாம் பார்க்கும் நிறம் கணினி கணக்கிட்டு நிரப்பியது. மழை, நிலத்தடி நீர் அளவீடுகளைக் கொண்டு இத்தகைய படங்களை வரைந்து வருபவன் என்ற முறையில், அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பொதுவாசகர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

சம அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கும் முறை கணினிக்கு மிகவும் முந்தையது. வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி, அட்லாண்டிக் கடலில் பயணம் செய்து திசைகாட்டியின் விலகலை அளந்தார். ஒரே அளவு விலகல் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து 1701-இல் வரைபடமாக வெளியிட்டார். 1774-இல் பூமியின் அடர்த்தியைக் கண்டறிவதற்காக ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை நெவில் மாஸ்கலைன் தலைமையிலான குழு அளந்தது. மலையெங்கும் சிதறிக் கிடந்த ஏராளமான உயர அளவுகள் கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டனின் மேசைக்கு வந்தன. எண்கள் அடர்ந்த அந்தத் தாளிலிருந்து எதுவும் விளங்கவில்லை. ஒரே உயரமுள்ள புள்ளிகளை மெல்லிய கோட்டால் இணைத்துப் பார்த்தார் ஹட்டன். மலையின் வடிவம் தாளில் எழுந்தது. சிதறிய அளவீடுகளிலிருந்து சமஉயரக் கோடு வரைந்ததற்கு முன்னோடியான உதாரணங்களில் ஒன்று அது.

ஹட்டன் கையால் செய்ததை இன்று ஒரு கல்லூரி மாணவர் சில வரி நிரலில் செய்துவிடுகிறார். பைத்தான் கணினி மொழிக்கு மேட்பிளாட்லிப் என்ற நிரல் நூலகம் இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் 2003-இல் உருவாக்கி வெளியிட்ட இதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இதனுடன் சைபை என்ற மற்றொரு நூலகத்தையும் சேர்த்துக்கொண்டால், அட்சரேகை, தீர்க்கரேகை, மழையளவு என்ற மூன்று நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுத்து வண்ண வரைபடத்தைப் பெற்றுவிடலாம். இந்த எளிமை ஒரு வரம்தான். ஆனால், நடுவில் நடப்பதை அது மறைத்தும் விடுகிறது.

சமஅளவுக் கோடு வரையும் வழக்கமான கட்டளை, சதுரங்கப் பலகையைப் போல வரிசை தவறாத கட்டங்களில் எண்களை எதிர்பார்க்கிறது. மழைமானிகளோ பள்ளி வளாகம், வட்டாட்சியர் அலுவலகம், அணைக்கட்டு என வசதிப்பட்ட இடங்களில் சிதறியிருக்கின்றன. ஆகவே இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலப்பரப்பின் மீது ஒரு கற்பனைக் கட்டத்தை விரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய மழையை அருகிலுள்ள மழைமானிகளிலிருந்து ஊகித்து நிரப்புவது முதல் வழி. இந்த ஊகத்துக்கு இடைக்கணிப்பு என்று பெயர். புள்ளிகளையே இணைத்து நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பிரிப்பது இரண்டாவது வழி. எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறு புள்ளி வராதபடி பிரிக்கும் விதியை ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலானே 1934-இல் வகுத்தார். ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு சாய்ந்த பலகையாகக் கருதி, அதன் குறுக்கே 20, 40, 60 என்ற மட்டங்களில் கோடு இழுத்துவிடுகிறது கணினி.

இரண்டு வழிகளுக்கும் அடிப்படை ஒரே நம்பிக்கைதான்: அருகருகே இருக்கும் இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இது பெரும்பாலும் சரி. எப்போது தவறிப்போகும் என்பதற்குத் தென் தமிழ்நாடே சான்று.

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அதற்குத் தெற்கே பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள திருச்செந்தூரில் 69 செ.மீ.; வடக்கே தூத்துக்குடியில் 36 செ.மீ. இந்த மூன்று ஊர்களும் கடற்கரையையொட்டி ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. காயல்பட்டினத்தில் மட்டும் மழைமானி இல்லாதிருந்தால் வரைபடம் அந்த ஊருக்கு என்ன எண்ணைக் கொடுத்திருக்கும்? கணக்கை எளிமையாக்க, மற்ற இரண்டு ஊர்களை மட்டும் வைத்துப் பார்ப்போம். நேர்கோட்டுத் தொலைவில் காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூர் சுமார் 8 கி.மீ., தூத்துக்குடி சுமார் 22 கி.மீ.

மிக அருகிலுள்ள மழைமானியின் அளவையே எடுத்துக்கொள்வது ஒரு முறை. அமெரிக்க வானிலையாளர் தீசன் 1911-இல் முன்வைத்த பலகோண முறையின் சாரம் இதுதான். அதன்படி காயல்பட்டினத்தின் மழை 69 செ.மீ. இரண்டு ஊர்களுக்கு நடுவே மழை சீராகக் குறைந்துகொண்டே போவதாகக் கொள்வது இன்னொரு முறை. முக்கோணப் பலகை செய்வது இதைத்தான். அதன்படி சுமார் 60 செ.மீ. தொலைவு கூடக்கூட ஓர் ஊரின் செல்வாக்கைக் குறைத்துக்கொண்டே போவது மூன்றாவது முறை. டொனால்ட் ஷெப்பர்ட் 1968-இல் வெளியிட்ட இம்முறையில், தொலைவின் வர்க்கத்தைக் கொண்டு கணக்கிட்டால் சுமார் 65 செ.மீ. கிடைக்கிறது.

ஒரே தரவு, மூன்று முறைகள், மூன்று விடைகள். அவற்றுள் எதுவும் 95-ஐ நெருங்கவில்லை. நெருங்கவும் முடியாது. ஏனெனில் இம்மூன்று முறைகளுமே, தரவில் உள்ள மிகப்பெரிய எண்ணைத் தாண்டி ஒரு எண்ணையும் தருவதில்லை. சுற்றுவட்டாரத்தின் பிற மழைமானிகளைச் சேர்த்திருந்தாலும், அவற்றின் உச்ச அளவு 69 என்றிருக்கும் வரை, வரைபடம் அதற்கு மேல் ஏறியிருக்காது. தமிழகத்தின் சமவெளியில் பதிவான பெருமழைகளுள் ஒன்று, அந்த ஊரில் ஒரு கருவி இருந்த காரணத்தால்தான் நமக்குத் தெரியவந்தது. அப்படியானால், கருவி இல்லாத ஊர்களில் பெய்த மழை எவ்வளவு என்ற கேள்வியை எந்த நிறமும் தீர்த்துவைக்காது.

கோடுகள் கோணல்மாணலாக இருக்கின்றன என்று, வளைவாக வரையும் கியூபிக் முறையைச் சிலர் நாடுவதுண்டு. படம் கண்ணுக்கு அழகாகிவிடும். ஆனால், செங்குத்தாக ஏறி இறங்கும் தரவில் இந்த வளைவு, அளக்கப்பட்ட உச்சத்துக்கு மேலும் அடிமட்டத்துக்குக் கீழும் பாய்ந்துவிடக்கூடும். மழையே பெய்யாத இடத்துக்குக் கழித்தல் குறியுடன் மழை காட்டும் வேடிக்கையும் நிகழ்வதுண்டு.

ஓரங்களில் வேறொரு சிக்கல். மழைமானிகளின் வெளிவட்டத்துக்கு அப்பால் இடைக்கணிப்பு என்பதே இல்லை. இருபுறமும் சான்று இருந்தால்தானே நடுவில் ஊகிக்க முடியும்? சைபை நூலகம் நேர்கோட்டு முறையில் அந்தப் பகுதியை நேர்மையாக வெற்றிடமாக விட்டுவிடுகிறது. வெள்ளைத் திட்டுகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று, அருகிலுள்ள எண்ணைக் கொண்டு அதை நிரப்பிவிடுவோர் உண்டு. விளிம்பில் உருவாகும் ஊசிபோன்ற நீண்ட முக்கோணங்களும், வெகுதொலைவில் உள்ள இரு ஊர்களை அண்டை ஊர்களாக்கிப் பொய்ப் பட்டைகளை வரைந்துவிடும். அவற்றை நீக்கிவிட நூலகத்திலேயே வழி இருக்கிறது. வரைபவருக்கு அந்த அக்கறை வேண்டும்.

இவை தவிர, இந்த எளிய கணக்குகளுக்கு மலை தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் உள்ள இரண்டு ஊர்கள் வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று ஒன்றை நனைத்துவிட்டு மற்றொன்றை மழைமறைவில் விட்டுவிடும். தொலைவை மட்டும் அறிந்த கணக்கு, மலையின் இருபக்க மழையையும் ஒன்றாகக் கலந்து நடுவில் ஒரு சராசரியை வைத்துவிடுகிறது.

நிறங்களின் தேர்வும் சாதாரண விஷயமல்ல. 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதிகனமழை என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாடு. எச்சரிக்கை விடுக்க அது போதும். ஆனால், அந்த எல்லைக்கு மேல் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பைப் பூசினால், 36 செ.மீ. பெய்த தூத்துக்குடியும் 95 செ.மீ. பெய்த காயல்பட்டினமும் ஒரே நிறத்தில் நிற்கும். வானவில் நிறங்களைப் பயன்படுத்தினால், படிப்படியான மாற்றம்கூடச் சில இடங்களில் திடீர் எல்லைபோலக் கண்ணுக்குத் தோன்றும். இத்தகைய குறைகளைக் கருதியே மேட்பிளாட்லிப் 2017-இல் தன் இயல்பு நிறவரிசையை மாற்றிக்கொண்டது.

இதெல்லாம் கணினி வல்லுநர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. மழைநீர் வடிகாலின் அகலத்தையும் பாலத்தின் உயரத்தையும் ஏரிக்கு வரக்கூடிய நீரையும் கணக்கிடும்போது, மழைமானிகளுக்கு இடைப்பட்ட ஊகமும் சேர்ந்தே கணக்கில் நுழைகிறது. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதிக்கெனக் குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் பதிவே இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. நிலையத்தில் மிதமான மழையும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வயலில் பேய்மழையும் பெய்திருந்தால், நீரில் மூழ்கிய பயிர் கண்முன் கிடந்தாலும் ஆவணத்தில் அது நடந்திருக்காது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு, ஆர்செனிக் அளவைக் காட்டும் வரைபடங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு நல்ல கிணறுகளுக்கு நடுவே உள்ள நச்சுக் கிணறு, படத்தில் பச்சையாகத்தான் தெரியும்.

இந்தக் குறையை அறிவியல் உணராமல் இல்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சில துளைகளின் மாதிரிகளைக் கொண்டு, தோண்டாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று மதிப்பிடும் வழியை டேனி கிரிக் 1951-இல் ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜஸ் மாத்ரோன் அதை முழுமையான கோட்பாடாக வளர்த்து, கிரிக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். தொலைவு கூடும்போது ஒற்றுமை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைத் தரவிலிருந்தே கற்றுக்கொள்ளும் இம்முறை, ஒவ்வொரு மதிப்பீட்டுடன் அதன் பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மழைமானிகளின் இடைவெளியைவிடச் சிறிய மேகத்திரள் கொட்டிய மழையை இதுவும் கண்டுபிடித்துவிடாது. ஆயினும், ‘இங்கே என் கணக்கு பலவீனமானது’ என்று ஒப்புக்கொள்ளும் நாணயம் இதற்கு உண்டு. ரேடாரும் செயற்கைக்கோளும் தரும் தகவலை மழைமானிப் பதிவுகளுடன் இணைப்பது இன்னும் ஒரு படி முன்னேற்றம்.

பொதுமக்களுக்காக வரைபடம் வெளியிடும் அரசுத் துறைகளும் ஊடகங்களும் சில எளிய நெறிகளைக் கடைப்பிடிக்கலாம். முதலாவதாக, அளவீடு நடந்த இடங்களைக் கரும்புள்ளிகளாகப் படத்தின் மீதே காட்ட வேண்டும். நிரலில் அதற்கு ஒரே ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும். பயன்படுத்திய இடைக்கணிப்பு முறையைப் படத்தின் கீழே குறிப்பிட வேண்டும். சான்று இல்லாத ஓரங்களை வெற்றிடமாகவே விட வேண்டும். ஒவ்வொரு மழைமானியாக மறைத்துவைத்து, மற்றவற்றைக் கொண்டு அதன் அளவைக் கணித்து, உண்மையுடன் ஒப்பிட வேண்டும். காயல்பட்டினத்தை வைத்து நாம் மேலே செய்து பார்த்தது அந்தச் சோதனையைத்தான். கிடைக்கும் சராசரிப் பிழையையும் வெளியிட வேண்டும். வரைபடத்துக்கு ஆதாரமான எண்களை, எவரும் எடுத்துக் கணக்கிடக்கூடிய அட்டவணையாகத் தர வேண்டும்.

எத்தனை நுட்பமான கணக்கும் ஒரு புதிய மழைமானிக்கு ஈடாகாது. கருவிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதும், இருப்பவற்றைப் பழுதின்றிப் பராமரிப்பதும் அரசின் கடமை. வண்ணப் படத்தைப் பார்க்கும் குடிமக்களான நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊரின் நிறம் என்ன என்று தேடுவதற்கு முன், நம் ஊருக்கு மிக அருகில் உள்ள கரும்புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்கப் பழக வேண்டும். அந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அந்த நிறத்தின் மீது ஐயம் கொள்வதே அறிவுடைமை.