இரும்பு நகரத்து இசைத்தட்டு

தமிழ் மன்ற ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்ட செயலாளர், நான் குறுந்தொகையைப் பற்றியோ குற்றாலத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எண்ணியிருப்பார். நானோ 'ஹெவி மெட்டல்' எனப்படும் மேனாட்டு இசையைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். பழி முழுவதும் என் அறைத்தோழனைச் சேர்ந்தது.

அவன் ஷில்லாங் நகரத்தவன். விடுதியில் எங்களை ஓரறையில் சேர்த்த முதல் வாரமே பூசல் தொடங்கிவிட்டது. மாலையில் நான் மதுரை மணி ஐயரைக் கேட்க உட்கார்ந்தால், மறுபக்கத்திலிருந்து இடி இடிக்கும். இரண்டு மாதம் பொறுத்தேன். வேறு அறை வேண்டுமென்று விடுதிக் காப்பாளருக்கு விண்ணப்பமும் எழுதிவிட்டேன். அதைக் கொடுப்பதற்கு முதல் நாள், "இது என்ன இசையா, பட்டறைச் சத்தமா?" என்று கேட்டேன். அவன் சினம் கொள்ளவில்லை. "பட்டறைச் சத்தந்தான். அந்தப் பட்டறையில் ஒருவர் விரலை இழந்த கதை உனக்குத் தெரியுமா?" என்றான். அன்றிரவு அவன் சொன்னவற்றையும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றையும், காதுகொடுத்துக் கேட்டு அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். விண்ணப்பம் இன்னும் என் புத்தகத்துக்குள் கிடக்கிறது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்றொரு தொழில் நகரம். அதில் ஆஸ்டன் என்பது உழைப்பாளிகள் வாழும் பகுதி. அங்கே வளர்ந்த நான்கு இளைஞர்கள்: டோனி ஐயோமி, கீசர் பட்லர், பில் வார்டு, ஓசி ஆஸ்பர்ன். ஐயோமி தகட்டு ஆலையில் வேலை செய்தார். ஆஸ்பர்ன் இறைச்சிக் கூடத்திலும் வேலை பார்த்தார். திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையிலும் இருந்தார். பட்லர் கணக்கெழுதப் பயின்றவர். இசைக் கல்லூரியின் வாசலை மிதித்தவர் ஒருவரும் இலர்.

1965இல் ஐயோமிக்கு வயது 17. இசையையே தொழிலாகக் கொள்வதென்று முடிவு செய்து, ஆலை வேலையை விட இருந்தார். கடைசி நாள். அன்று தகடு வெட்டும் பொறி அவருடைய வலக்கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் கொண்டு போய்விட்டது. அவர் இடக்கைக்காரர், ஆகையால் தந்தியை அழுத்தும் கை வலக்கைதான். இனி வாசிக்க இயலாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆலை மேலாளர் ஒருவர் அவர் வீட்டுக்கு ஓர் இசைத்தட்டை எடுத்துச் சென்று, கேட்கும்படி வற்புறுத்தினார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928இல் நேர்ந்த தீவிபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு முடங்கிய பின்பும் ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கிதார்க் கலைஞராக விளங்கியவர் அவர்.

ஐயோமி சோப்புத் திரவப் புட்டியின் பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். அதன்மேல் தோல் துண்டை ஒட்டினார். தடித்த தந்திகளை அழுத்த வலித்ததால் மெல்லிய தந்திகளை மாட்டினார். 1971இல் வந்த மூன்றாவது தட்டில் தந்திகளை மேலும் தளர்த்தி, சுருதியை மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறக்கினார். இன்று உலகெங்கும் இவ்வகை இசைக்குழுக்கள் சுருதியை இறக்கி வாசிப்பதற்கு மூல வித்து இந்த விரல் வலியில் இருக்கிறது.

இனி அந்த ஓசையைப் பற்றி. ஒலிபெருக்கியின் வால்வுகள் தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால், ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அப்போது மூலத்தில் இல்லாத மேலோசைகள் பல பிறக்கின்றன. நாதம் கரகரக்கிறது; நெடுநேரம் நிற்கவும் செய்கிறது. இந்தக் கரகரப்பில் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தினால் குழம்பிப்போகும். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தால் கல்தூண்போல் நிற்கும். நம் தம்புரா மீட்டும் அதே சட்ஜ பஞ்சமந்தான்! இதை அறிந்த அன்று எனக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. இரண்டு மாதமாக நான் பழித்துக்கொண்டிருந்ததன் அடியில் என் தம்புராவின் ஸ்வரங்களே இருந்தன.

பிளாக் சாபத் என்று பெயர் சூட்டிக்கொண்ட இக்குழுவின் முதல் தட்டு 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவாயிற்று. அதன் முதற்பாட்டில் சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்தியமம் என்ற மூன்றே ஸ்வரங்கள் மெல்ல நடந்து வருகின்றன. கல்யாணியில் தேனாக இனிக்கும் பிரதி மத்தியமம், இங்கே துணையின்றிச் சட்ஜத்தோடு மோதும்போது அடிவயிற்றைக் கலக்குகிறது. விமர்சகர்கள் பலர் எள்ளினார்கள். மக்கள் வாங்கினார்கள்.

நான் சொல்ல வந்தது இரண்டாவது தட்டைப் பற்றி. 1970 ஜூன் மாதம், ராட்ஜர் பெயின் என்ற தயாரிப்பாளரின் பொறுப்பில், லண்டனில் சில நாட்களில் அதைப் பதிவு செய்தார்கள். விரைவுக்குக் காரணம் உண்டு. பெயர் பெறாத நாட்களில், சூரிச் நகரத்து இரவு விடுதியொன்றில் நாள்தோறும் பலமுறை மேடையேறி வாசிக்க நேர்ந்தது. கைவசம் இருந்த பாட்டுகள் போதவில்லை. ஒன்றையே நீட்டி நீட்டி வாசித்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் தட்டின் முதற்பாட்டான 'வார் பிக்ஸ்' - போர்ப் பன்றிகள். ஏறத்தாழ 8 நிமிடம் ஓடும் அப்பாட்டு, ஏழைப் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கும் தலைவர்களைச் சாடுகிறது. அது வியட்நாம் போர் நடந்த காலம். போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு மீண்ட வீரர்களைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. இவர்கள் பேயைத் தொழுகிறவர்கள் என்று தூற்றியவர்கள் பாட்டைக் கேட்டார்களா என்பதே எனக்கு ஐயம்.

'அயர்ன் மேன்' என்ற பாட்டில் ஒரு புதுமை. நம் கச்சேரியில் பாடகரைப் பிடில் பின்தொடரும். இங்கே கிதாரின் சிறு ஸ்வரக்கோவையைப் பாடகர் அப்படியே பின்தொடர்கிறார். எதிர்காலத்தில் உலகம் அழிவதைக் கண்டு எச்சரிக்க வந்தவன் இரும்பாக இறுகி, கேட்பாரற்று நின்று, இறுதியில் பழிவாங்கும் கதை அது. இத்தனை இரைச்சலுக்கும் நடுவே 'பிளானட் காரவன்' என்றொரு தாலாட்டைப் போன்ற பாட்டும் இருக்கிறது. ஆஸ்பர்னின் குரலை லெஸ்லி என்னும் சுழல் ஒலிபெருக்கியின் வழியே விட்டு, நீருக்கடியிலிருந்து வருவதுபோல் பதிந்திருக்கிறார்கள். மணி ஐயர் அன்பர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

எல்லாம் முடிந்தபோது தட்டில் சிறிது இடம் மிஞ்சியது. நிரப்புவதற்கு ஒரு குட்டிப் பாட்டு வேண்டும் என்றார் தயாரிப்பாளர். மற்றவர்கள் உணவுக்குப் போயிருந்த வேளையில் ஐயோமி ஒரு ஸ்வரக்கோவையைப் பிடித்தார். பட்லர் அவசரமாகச் சொற்களை எழுதினார். அரைமணிக்குள் எல்லாம் முடிந்தது என்று அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பாட்டின் பெயர் 'பாரனாய்ட்'. அந்தச் சொல் பாட்டுக்குள் ஓரிடத்திலும் வராது! மூன்று நிமிடங்கூட இல்லாத அந்த நிரப்புச் சரக்கு தனித் தட்டாக வெளிவந்து பிரிட்டனில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. உடனே நிறுவனம் முழுத்தட்டின் பெயரையே மாற்றிவிட்டது. முதலில் இருந்த பெயர் 'வார் பிக்ஸ்'. அட்டைப்படம் முன்பே ஆயத்தமாகிவிட்டதால், கேடயமும் வாளும் ஏந்திய ஒருவன் புதிய பெயருக்குச் சிறிதும் தொடர்பின்றி இன்றும் இருட்டிலிருந்து பாய்ந்துகொண்டிருக்கிறான். கலைக்கும் வாணிபத்துக்கும் நடந்த அவசரத் திருமணம்!

1970 செப்டம்பரில் வெளிவந்த தட்டு அடுத்த மாதமே பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 1971 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்து 12ஆம் இடம்வரை சென்றது. 1995க்குள் அந்நாட்டில் மட்டும் 40 இலட்சம் படிகளுக்கான சான்றிதழ் கிடைத்தது. ஆனால் வெற்றி அவர்களுக்கு முழுதும் இனிக்கவில்லை. அந்த ஒரு பாட்டுக்காகவே கூச்சலிட்டு வந்த கூட்டத்தைக் கண்டு, சில காலம் தனித் தட்டு வெளியிடுவதையே நிறுத்தினார்கள். பிரிட்டனில் மீண்டும் முதலிடம் பெற 2013வரை, ஏறத்தாழ 43 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

2025 ஜூலை 5ஆம் நாள், தாங்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் கால்பந்து அரங்கில் நால்வரும் இறுதியாக ஒருமுறை கூடினர். நடுக்குவாத நோயினால் எழுந்து நிற்க இயலாத ஆஸ்பர்ன் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்து பாடினார். கடைசிப் பாட்டாக அவர்கள் எடுத்தது அந்த நிரப்புப் பாட்டைத்தான். 17 நாள் கழித்து அவர் மறைந்தார். அப்போது விடுமுறை, நான் ஊரில் இருந்தேன். ஷில்லாங்கிலிருந்து தொலைபேசி வந்தது. வழக்கமாக ஓயாமல் பேசுகிறவன் அன்று அதிகம் பேசவில்லை. "விடுதிக்கு வரும்போது உன் மணி ஐயரைக் கொண்டுவா" என்று மட்டும் சொன்னான்.