அந்நிய மூலதனமும் ஆராய்ச்சியும்: சிங்கப்பூர் தரும் பாடம்

1970ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. அமெரிக்காவின் ஹியூலெற் பக்கார்ட் என்னும் இலத்திரனியற் கம்பெனி அங்கே தொழில் தொடங்க எண்ணி, ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் இரு மாடிகளை வாடகைக்கு எடுத்திருந்தது. கம்பெனியின் தலைவர்களுள் ஒருவரான ஹியூலெற் அதனைப் பார்வையிட வருவதாக இருந்தார். கட்டடத்தின் மின்தூக்கியை இயக்குவதற்கு வேண்டிய மின்மாற்றி அப்பொழுது வந்து சேரவில்லை. விருந்தாளியை ஆறு மாடிப் படிகளில் ஏறவிடுவதற்கு அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் கட்டடத்திலிருந்து பெரிய மின்வடம் ஒன்றை இழுத்துக் கொணர்ந்தார்கள். அவர் வந்த அன்று மின்தூக்கி இயங்கியது, கம்பெனியும் முதலிட்டது. சிங்கப்பூரின் முதலாவது பிரதமர் லீ குவான் யூ தமது நினைவு நூலில் இதனைப் பதிந்து வைத்திருக்கின்றார்.

நேயர்களே, மின்தூக்கி ஒன்று இயங்கியதனால் மட்டும் ஒரு கம்பெனி முதலிட்டுவிடாது. எனினும், அந்நிய மூலதனத்தை நாடும் ஒரு நாடு எத்துணை விழிப்போடிருத்தல் வேண்டும் என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. வந்த கம்பெனி எதற்காக வந்தது, வந்தபின் எதனை விட்டுச் சென்றது என்னும் வினாக்களே இவற்றினும் முக்கியமானவை.

முதலில், அந்நியக் கம்பெனி ஒரு நாட்டிற்கு எதனைக் கொண்டு வருகின்றது என்று பார்ப்போம். பணம் என்பதே பலரும் கூறும் விடை. பணத்தைக் கடனாகவும் பெறலாம். ஆனால் கடன் கொடுப்பவர் சந்தையைத் தருவதில்லை. தொழில் நுணுக்கத்தையும் நிருவாகத் திறமையையும் கற்பிப்பதில்லை. அந்நியக் கம்பெனியோ இவற்றை எல்லாம் ஒருங்கே கொண்டு வருகின்றது. நட்டம் வந்தால் அதனைத் தானே ஏற்கின்றது. ஆயினும் அது அறச்சாலை நடத்த வருவதில்லை. இலாபம் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டிற்குப் போய்விடும். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர மனத்திற் கொண்டு நடந்த நாடு சிங்கப்பூர்.

1965ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 9ஆந் திகதி மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, சிங்கப்பூரின் சனத்தொகை ஏறக்குறைய 19 இலட்சம். வயலில்லை, சுரங்கமில்லை, குடிநீரின் பெரும்பகுதியும் யொகூரிலிருந்து குழாய் வழியே வந்தது. மலேசியாவின் பெருஞ் சந்தையை நம்பித் தீட்டிய கைத்தொழிற் திட்டங்கள் பிரிவினையோடு பயனற்றுப் போயின. போதாக்குறைக்குப் பிரித்தானியா தன் படைத்தளங்களை 1971ஆம் ஆண்டில் மூடிவிடும் என்ற செய்தி 1968இல் வந்தது. அத்தளங்களை நம்பி வாழ்ந்தவர்கள் பல்லாயிரவர். அந்நாட்களில் அந்நாட்டின் வெளிநாட்டமைச்சராக விளங்கியவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இற் பிறந்த சின்னத்தம்பி இராசரத்தினம் என்பது இலங்கை நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

ஆனால் அடித்தளம் அதற்கு முன்னரே இடப்பட்டிருந்தது. 1960ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய குழு ஒன்று சிங்கப்பூருக்கு வந்தது. அதன் தலைவர் ஒல்லாந்து நாட்டுப் பொருளியலறிஞர் ஆல்பேட் வின்செமியஸ். அவர் கூறிய ஆலோசனைகளுள் ஒன்று பலருக்கு வியப்பளித்தது. நகரத்தில் நின்ற இராபிள்ஸ் துரையின் சிலையை அகற்ற வேண்டாம் என்றார் அவர். குடியேற்ற ஆட்சியின் சின்னத்தைப் புதிய அரசாங்கமே பேணி வைத்திருப்பதைக் கண்டால், மேனாட்டு முதலாளிகள் அச்சம் நீங்குவர் என்பது அவர் கருத்து. சிலை நின்றது. வின்செமியஸும் 1984ஆம் ஆண்டுவரை அந்நாட்டின் பொருளாதார ஆலோசகராக இருந்தார்.

1961ஆம் ஆண்டு, ஹொன் சுயி சென் என்பவரைத் தலைவராகக் கொண்டு பொருளாதார அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. முதலிட வருபவர் காணிக்கு ஒரு கந்தோர், மின்சாரத்திற்கு மற்றொரு கந்தோர், அனுமதிப் பத்திரத்திற்கு வேறொரு கந்தோர் என்று அலையாமல், வேண்டியவை அனைத்திற்கும் ஒரே வாயிலை நாடுமாறு செய்தது இச்சபை. நிதியமைச்சர் கோ கெங் சுவீ, தீவின் மேற்கே யூரோங் என்னும் சதுப்பு நிலத்தைத் தூர்த்து, குன்றுகளை வெட்டிச் சமப்படுத்திக் கைத்தொழிற் பேட்டையாக்கினார். தொடக்கத்தில் தொழிற்சாலைகள் மெல்லவே வந்தமையால், அதனைக் 'கோவின் மடமை' என்று சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு.

வரிச் சலுகையும் அளிக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற உற்பத்திப் பொருள்களின் ஏற்றுமதியால் வரும் இலாபத்திற்கு நூற்றுக்கு 40 வீதமாயிருந்த வரி 4 வீதமாயிற்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சலுகை எல்லாருக்கும் வாரி வழங்கப்படவில்லை. குறித்த தொழிலுக்கு, குறித்த காலத்திற்கு என்று அளந்தே கொடுக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு தெக்சாஸ் இன்ஸ்ருமென்ட்ஸ் கம்பெனி வந்தது. முடிவு செய்து 50 நாட்களுக்குள் உற்பத்தியைத் தொடங்கிற்று. கம்பெனிகளைக் கவர்ந்தவை வரிச் சலுகையோடு, இத்தகைய விரைவும், சொன்ன சொல் மாறாமையும், 1960ஆம் ஆண்டு இலஞ்ச ஒழிப்புச் சட்டத்தால் வலுப்பெற்ற நேர்மையுமாகும். சலுகையை எந்த நாடும் ஓரிரவிற் சட்டமாக்கலாம். நம்பிக்கையை அவ்வாறு சட்டமாக்குதல் இயலாது.

இதற்குக் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. 1968ஆம் ஆண்டுத் தொழிற் சட்டங்கள், ஆட்சேர்ப்பு, பதவியுயர்வு, இடமாற்றம் முதலிய விடயங்களில் தொழிற்சங்கங்கள் பேரம் பேசும் உரிமையைக் குறைத்தன. முதலாளிக்கு உறுதியளித்த அதே கை, தொழிலாளியின் குரலைத் தாழ்த்தியது. சிங்கப்பூரைப் புகழ்பவர்கள் இதனையும் சேர்த்தே எடைபோடல் வேண்டும்.

இனி, வந்தவர்களிடமிருந்து அந்நாடு எதனைக் கற்றது என்பதைக் கவனிப்போம். 1970களின் தொடக்கத்தில் பொருளாதார அபிவிருத்திச் சபை ஒரு புதுமுறையைக் கையாண்டது. கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து தொழிற் பயிற்சி நிலையம் நடத்துவதே அம்முறை. காணியும் கட்டடமும் அரசாங்கத்துடையன. ஆசிரியர்களும் நுட்ப அறிவும் கம்பெனியுடையன. 1972இல் இந்தியாவின் தாதா நிறுவனத்துடனும், 1973இல் செருமனியின் இரொலை நிறுவனத்துடனும், 1975இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடனும் இவ்வாறு நிலையங்கள் தொடங்கப்பெற்றன. பயிற்சி பெற்ற இளைஞர் அனைவரும் அவ்வக் கம்பெனிக்கே போகவில்லை. பலர் நாட்டின் பிற தொழிற்சாலைகளுக்கும் சென்றனர்.

இதன் அருமை 1981ஆம் ஆண்டில் விளங்கிற்று. நிழற்படக் கருவிகளைச் செய்துவந்த இரொலைக் கம்பெனி நொடித்துப்போய்ச் சிங்கப்பூர்த் தொழிற்சாலையை மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். காலையிற் சங்கொலி கேட்டுச் சென்றவன் மாலையில் வேலையற்றவனாய்த் திரும்பும் துயரம் எந்நாட்டிலும் ஒன்றே. ஆனால் நுண்பொறியியலில் அவர்கள் பழகிய கைத்திறனைக் கம்பெனி எடுத்துச் செல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு, கணினிகளின் தகவற் தட்டுகளைச் செய்யும் சீகேற் கம்பெனி அங்கே வந்தபோது, அத்தகைய நுண்வேலை பழகியோர் ஆயத்தமாயிருந்தனர். 1980களின் பிற்பகுதியில், இத்தட்டுகளைச் செய்வதில் உலகின் முன்னணி நாடாயிற்று சிங்கப்பூர்.

மலிவான கூலியைக் காட்டி அழைத்தால், அதனினும் மலிவான நாடு தோன்றியவுடன் கம்பெனி அங்கே போய்விடும். இதனையுணர்ந்த சிங்கப்பூர், 1979ஆம் ஆண்டு முதல் கூலியைத் தானே உயர்த்தும் கொள்கையை மேற்கொண்டது. அவ்வாண்டிலேயே திறன் விருத்தி நிதியம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. குறைந்த கூலிக்கு ஆள் வைத்திருக்கும் முதலாளிகளிடம் தீர்வை அறவிட்டு, அப்பணத்தைத் தொழிலாளர் பயிற்சிக்குச் செலவிட்டார்கள். இக்கொள்கைக்கும் இடர் வந்தது. 1985இல் பொருளாதாரம் சுருங்கிய வேளையில், கூலி விரைந்து உயர்ந்ததும் அதற்கொரு காரணம் என்று குறை கூறப்பட்டது. கூலி உயர்வு சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. எனினும் கையுழைப்பிலிருந்து அறிவுழைப்பிற்கு ஏறும் நோக்கம் கைவிடப்படவில்லை.

ஆராய்ச்சி என்பது இந்த ஏணியின் மேற்படி. தொழிற்சாலை அமைக்க நிலமும் மின்சாரமும் துறைமுகமும் போதும். ஆராய்ச்சிக் கூடத்திற்கோ அறிஞர் வேண்டும். அவர்களைத் தொடர்ந்து உருவாக்கும் பல்கலைக்கழகம் வேண்டும். கண்டுபிடித்தவனின் உரிமையைக் காக்கும் சட்டம் வேண்டும். ஆகவே 1981இல் நன்யாங் தொழினுட்ப நிறுவகம் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகளில் அது பல்கலைக்கழகமாயிற்று. 1991இல் தேசிய விஞ்ஞான தொழினுட்பச் சபை தோன்றிற்று. 2003இல் பயோபொலிஸ் என்னும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி வளாகம் திறக்கப்பட்டது. அரசாங்க ஆராய்ச்சிக் கூடங்களும் அந்நிய மருந்துக் கம்பெனிகளின் கூடங்களும் அங்கே அருகருகே அமைந்தன. 2021 முதல் 2025 வரையான ஐந்தாண்டுகளுக்கு 2,500 கோடி சிங்கப்பூர் டொலர் ஆராய்ச்சிக்கென அரசாங்கத்தால் ஒதுக்கப்பட்டது. தன் பணத்தை விதைக்காத நாட்டில் அந்நியர் வந்து ஆராய்ச்சியை விதைப்பதில்லை.

ஆயினும் ஆராய்ச்சிக் கூடமும் நிலைத்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. டெங்குக் காய்ச்சல், மலேரியா, காசநோய் ஆகியவற்றிற்கு மருந்து தேடுவதற்காகச் சுவிற்சர்லாந்தின் நொவார்ட்டிஸ் கம்பெனி 2002இல் சிங்கப்பூரில் ஒரு நிறுவகம் அமைத்தது. 2016இல் அதனை அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. சீகேற்றின் கதையோ வேறுவிதமானது. அது 2009ஆம் ஆண்டில் தன் அங் மோ கியோ தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறக்குறைய 2,000 பேர் வேலையிழக்க நேர்ந்தது. ஆனால் அதே கம்பெனி 2015இல் சிங்கப்பூரிலேயே புதிய வடிவமைப்பு ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. கைகளாற் செய்யும் வேலை மலிவான நாடுகளுக்குப் போயிற்று. மூளையாற் செய்யும் வேலை தங்கிற்று. ஒன்று போனதும் மற்றொன்று நின்றதும் சொல்லும் செய்தி ஒன்றே. கம்பெனியின் பெயர்ப் பலகை நாட்டின் சொத்தன்று. அந்த வாசலுக்குள் நுழைந்து கற்று வெளிவந்த மனிதரே நாட்டின் சொத்து.

இலங்கையும் 1978ஆம் ஆண்டில் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் அமைத்து அந்நிய மூலதனத்தை வரவேற்றது. ஆயிரமாயிரம் பெண்கள் அங்கே தைத்துப் பெற்ற கூலியால் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. சிங்கப்பூரின் அனுபவத்தை இங்கு அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. அது துறைமுக நகரம், இது விவசாய நாடு. ஆனால் வருகின்ற ஒவ்வொரு கம்பெனியையும் நோக்கி ஒரு வினாவை எழுப்புதல் எந்த நாட்டிற்கும் பொருந்தும். "நீங்கள் எத்தனை பேருக்கு வேலை கொடுப்பீர்கள்?" என்பதோடு, "எத்தனை பேருக்கு என்ன கற்பிப்பீர்கள்?" என்பதே அவ்வினா.

விருந்தாளி என்றாவது ஒருநாள் விடைபெறுவான். அவன் போன பின்னும் அடுப்பெரிய வேண்டுமாயின், அவன் இருக்கும்போதே அவன் தொழிலை வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அதற்கான ஆயத்தம் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ தொடங்குவதன்று. கிராமத்துப் பாடசாலையின் கணித வகுப்பிலும் விஞ்ஞான கூடத்திலும் தொடங்குவது.